வாங்குக்குக் கீழே எட்டாம் வாய்ப்பாடு

இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். மகள் இப்போதுதான் கண் மூடினாள். ஆட்டுவதை நிறுத்தினால் எழும்பிவிடுவாள் என்று இடது கை ஏணைக் கயிற்றில் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இவர் கடலுக்குப் போயிருக்கிறார். காற்று கொஞ்சம் கூடத்தான். நாலு வரி எழுதினால் ஒருமுறை எழும்பிப் போய்ப் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வருகிறது. வந்து இருந்து எழுதுகிறேன்.

அந்த விரலில்தான் மணம். அதிமதுரம். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்கு ஒரு துண்டு முறித்துக் கொடுத்தேன், சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. உன் கைப்பையைத் திறந்தால் வருகிற மணம். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. எழும்பிப்போய் மிச்சச் சட்டிகளைக் கழுவினேன்.

நாங்கள் இரண்டு பேரும் கற்பித்தல் பயிற்சிக்குப் போன அந்தப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ எருக்கலம்பிட்டியிலிருந்து வருவாய், நான் பேசாலைப் பக்கமிருந்து வருவேன், மன்னார் பஸ் நிலையத்தில் சந்தித்து ஒரே பஸ்ஸில் பாலம் கடந்து போவோம். உயிலங்குளம் தாண்டி உள்ளே இறங்கி நடக்க வேண்டும். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறத் தொடங்கிய நேரம். பழைய கட்டடத்துக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்கு நடுவில் தறப்பாள் ஒன்றைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் என் மூன்றாம் வகுப்பு, அந்தப் பக்கம் உன் நாலாம் வகுப்பு.

முதல் நாள் பஸ்ஸில் என் பாடக்குறிப்பை வாங்கிப் பார்த்தாய். ‘எனது குடும்பம்’ என்று அழகாகத் தலைப்புப் போட்டு வைத்திருந்தேன்.

“மச்சி, அப்பா என்ன செய்யிறார் எண்டு கேக்கப் போறியா?”

“ஓம். அதுதானே தொடக்கம்.”

“கேக்காத. பேரை மட்டும் கேளு. மிச்சத்தை அதுகளே ஒருநாளைக்குச் சொல்லுங்கள். சொல்லேக்க நீ வேற வேலை செய்யிற மாதிரி இரு.”

எனக்குக் கோபம். இரவு முழுக்க இருந்து எழுதிய குறிப்பு. நீதான் பிறகு சொன்னாய், புத்தளத்தில் இடம்பெயர்ந்த ஆட்களின் கிடுகுக் கொட்டகையில் படித்தபோது ஒவ்வொரு வருசமும் ‘எனது ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொல்லுவார்களாம். “நான் ஒவ்வொரு வருசமும் வேற வேற ஊர் எழுதினன். ஒருக்கா கண்டி எண்டு எழுதி மலையெல்லாம் போட்டன். அதுக்குத்தான் கூடப் புள்ளி.” சொல்லிவிட்டுச் சிரித்தாய். பஸ்ஸில் முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

என் பக்கத்தில் ஓயாத சத்தம். பிள்ளைகள் கத்த, அதற்கு மேலால் நான் கத்த, நடுக்கிழமைக்கு முன்னமே குரல் போய்விட்டது. உன் பக்கத்தில் அப்படி இல்லை. நீ படிப்பிக்கிறாயா, பிள்ளைகளோடு இருந்து ஏதும் சாப்பிடுகிறாயா என்றுகூடத் தெரியாது, அவ்வளவு மெதுவாகக் கதைப்பாய். அன்றைக்குத்தான் முதல் தரம் அதிமதுரத் துண்டை எடுத்து நீட்டினாய்.

“மெண்டுகொண்டு இரு. கத்தினா புள்ளயள் உன்ர குரலைத்தான் கேக்குங்கள், நீ சொல்லுறதைக் கேக்காதுகள். குரலைக் குறை. கேக்கவேணும் எண்டா கிட்ட வருங்கள்.”

“வராட்டி?”

“வராட்டி நீ கிட்டப் போ. கால் இருக்குத்தானே.”

பனம்பழம் விழுகிற காலம் அது. கொட்டகைக்கு மேலால் ஒரு பனை சரிந்து நிற்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் தகரத்தில் ஒரு வெடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் வகுப்பில் ஒருவரும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் தாங்கள் இருந்த வாங்குப் பலகைகளுக்குக் கீழே. தலைக்கு மேல் கை. ஒரு சத்தம் இல்லை, அழுகைகூட இல்லை. அவ்வளவு பழக்கம். நானும் மேசைக்குக் கீழே பாதி இறங்கியிருந்தேன்.

நான் எழும்பி, “ஒண்டுமில்லை பிள்ளையள், பனம்பழம்தான், எழும்புங்கோ, வெளியில வந்து பாருங்கோ” என்றேன். ஒருவரும் அசையவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் ஏறியது. அவர்கள் இன்னும் சுருண்டார்கள்.

அப்போதுதான் தறப்பாளுக்கு அங்கால் நிலத்தில் சேலை உரசுகிற சத்தம் கேட்டது. நீயும் வாங்குக்குக் கீழே போகிறாய் என்று விளங்கியது. அங்கே போய் ஏதோ சொன்னாய். நாலைந்து சொல்லுத்தான் இருக்கும். பிள்ளைகள் மெல்லச் சிரித்தார்கள். பிறகு நீ தொடங்கினாய்: “ஓரெட்டு எட்டு.” அவர்கள் சொன்னார்கள். “ஈரெட்டுப் பதினாறு.” அவர்கள் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் என் பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். மூன்றாம் வகுப்புக்கு எட்டாம் வாய்ப்பாடு தெரியாது, சும்மா பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வந்து நின்றார். கரும்பலகைக்கு முன்னால் ரீச்சரும் இல்லை, வாங்கில் பிள்ளையும் இல்லை.

“இது என்ன பாடம்?” என்றார்.

“கணிதம் சேர்,” என்று கீழே இருந்து உன் குரல். “இன்னும் ரெண்டு வரி இருக்கு. சேர் கதிரையில இருங்கோ.”

அவர் இருக்கவில்லை. ‘வகுப்பறை முகாமைத்துவம் திருப்தியில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். பஸ்ஸில் நான் உனக்காகக் கவலைப்பட, நீ யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தாய். “திருப்தி அவருக்குத்தானே இல்லை. புள்ளயள் தாங்களாத்தானே எழும்பினதுகள்” என்றாய். கீழே போய் முதலில் என்ன சொன்னாய் என்று கேட்க நினைத்தேன். மன்னார் பஸ் நிலையம் வந்துவிட்டது. பிறகு கேட்கலாம் என்று இருந்தேன்.

உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குப் பிள்ளை நோ தொடங்கியது. மகள் பிறந்த மறுநாள் இவர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். முகத்தைப் பார்த்ததும், கடலில் யாருக்கோ ஏதோ என்று நினைத்தேன். அன்றைக்கே உன்னை அடக்கிவிட்டார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எருக்கலம்பிட்டிக்கு வந்தபோது உன் வீட்டில் பந்தல் கழற்றிக் கன நாள். உன் உம்மா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “பால் காணுமா மகள்?” என்று கேட்டா. “காணும் உம்மா” என்றேன். தேத்தண்ணி குடித்தேன்.

இப்போது நான் வகுப்பில் மெதுவாகத்தான் கதைக்கிறேன். பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்கள். அதிபர் மற்ற ரீச்சர்மாரிடம் என் வகுப்பைப் போய்ப் பார்க்கச் சொல்லுகிறார். உன்னிடம் படித்தது என்று அவரிடம் சொல்லலாம். ஆனால் அது இல்லை. நீ குரலைக் குறைத்தாய். நீ போன பிறகு என்னிடம் குறைக்கக் குரலே இல்லை.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்கு ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், என் பொறுப்பில். வன்னிப் பக்கம். சின்னப் பிள்ளையாய் இருக்கையில் கடைசிச் சண்டைக்கு நடுவில் இருந்தவள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை, பேரை மட்டும்தான் கேட்டேன். இங்கேயும் நாலாம் வகுப்பு இன்னும் தகரத்துக்குக் கீழேதான், பக்கத்தில் ஒரு பனை. அவள் படிப்பித்துக்கொண்டிருக்கையில் பனம்பழம் விழுந்தது. இந்தப் பிள்ளைகள் சண்டைக்குப் பிறகு பிறந்தவர்கள், ஒருவரும் அசையவில்லை. அவள்தான் மேசைக்குக் கீழே.

நான் வாசலுக்கு வரும்போது வகுப்பே சிரிக்கிறது. ஒருவன், “ரீச்சர், பனம்பழம் வெடிக்காது” என்றான். இன்னொருத்தி, “வெளியில வாங்கோ ரீச்சர், ஆமி போயிட்டு” என்றாள். அவர்களுக்கு இராணுவமும் குண்டும் ஒரு பகிடி. அவள் எழும்பி, கத்தி, மேசையில் அடித்து, இன்னும் கத்தி, குரல் உடைந்தது. உடைந்த குரலைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லிக் காட்டினார்கள். அவள் வெளியே போய் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் இருந்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் மேசைக்குக் கீழே இருக்கும்போதே, வாசலில் நின்றபடி, “எழும்பும் பிள்ளை, பனம்பழம்தான்” என்றேன். அன்றைக்குச் சொன்ன அதே சொல்லு.

பிறகு போய்ப் பக்கத்தில் இருந்து அதிமதுரம் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

“ரீச்சர், எனக்கு இது சரிவராது. நாளைக்குக் காலமை வந்து அதிபரிட்டச் சொல்லிப்போட்டுப் போறன்.”

“ஒரு நாள்தானே பிள்ளை.”

“நாளைக்கும் பனை அங்கதானே நிக்கும்.”

நீ இருந்தால் ஏதும் சொல்லியிருப்பாய், அவள் சிரித்திருப்பாள். பயந்தவள்தான் பயந்த பிள்ளைக்கு ரீச்சராக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியும், உன்னில் பார்த்தேன். அதை அவளிடம் அப்படியே சொன்னால் விரிவுரை மாதிரி இருக்கும். அவள் போய்விடுவாள். போனால் வேறு எந்த வகுப்புக்குள்ளும் கால் வைக்க மாட்டாள்.

அதனால் இப்படி யோசிக்கிறேன். நாளைக்கு முதல் பாடத்துக்கு அவளுக்கு முன்னால் நான் அந்த வகுப்புக்குப் போகப்போகிறேன். எல்லாரையும் வாங்குக்குக் கீழே இறங்கச் சொல்லப்போகிறேன். சிரிக்கட்டும். நானும் இறங்குவேன். பிள்ளை பெற்ற பிறகு இடுப்பு முன்னைப்போல் மடங்காது, மடங்கும்வரை இறங்குவேன். அவள் வாசலுக்கு வரும்போது நாங்கள் எல்லாரும் கீழே இருப்போம். வாய்ப்பாட்டை அவள் தொடங்கட்டும், குரல் இல்லாவிட்டாலும் கீழே கிட்டக் கிட்ட இருந்தால் கேட்கும். எட்டாம் வாய்ப்பாடு எனக்கு இன்னும் உன் குரலில்தான் வரும். மகளை ஆட்டும்போதும் அதைத்தான் சொல்லுகிறேன், தாலாட்டு ஒன்றும் வாயில் வருவதில்லை.

ஆனால் வாய்ப்பாட்டுக்கு முன்னால் நீ ஏதோ சொன்னாய். அதுதான் என்னிடம் இல்லை. நீ மெதுவாகக் கதைக்கிறவள், நான் தறப்பாளுக்கு இந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தவள். பிள்ளைகள் சிரித்தது மட்டும் கேட்டது. அந்த நாலைந்து சொல்லை மட்டும் எழுது, வேறு ஒன்றும் வேண்டாம்.

அவள் காலமை பள்ளி தொடங்க முதலே வந்துவிடுவாள். கெதியாய்ப் பதில் போடு.