நீ மல்லேஸ்வரத்துக்கு வந்த அந்தக் காலை

மைக் வயரைவிட நீளமான பொறுமை வைத்திருந்த என் தேவாவுக்கு,

நீ போய் இருபத்தாறு நாளாகிறது. நேற்றுதான் டெல்லியிலிருந்து வந்தேன். இந்த முறை சபையில் எட்டு நிமிடம் பேச விட்டார்கள். என் இந்தியைக் கேட்டிருந்தால் கேமராவை அணைத்துவிட்டுச் சிரித்திருப்பாய். இதையெல்லாம் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார் இருந்தார்கள்?

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எம்.பி. ஆவதற்கு முன் நான் பன்னிரண்டு வருடம் டிவி நிருபர். பெங்களூர் ஜோகுபாளையத்துத் தேவாதான் என் கேமராமேன். என் முகத்தை ஊருக்குக் காட்டியது அவன்தான். அந்த முகத்தைப் பார்த்துத்தான் கட்சி எனக்கு சீட்டு கொடுத்தது.

நமக்குள் ஒரு பழக்கம் இருந்தது, இல்லையா? எதிரில் இருப்பவர் பதில் சொல்லி முடித்த பிறகும் நான் மைக்கை இறக்க மாட்டேன், நீ கேமராவை நிறுத்த மாட்டாய். மனதுக்குள் ஐந்து எண்ணுவோம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த ஒரு அம்மா, "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு" என்று முடித்துவிட்டு, நான் நாலு எண்ணும்போது, "ரெண்டு நாளா சாப்பிடலை" என்றாள். முதலில் வருவது மரியாதைக்கு, பின்னால் வருவதுதான் விஷயம் என்று கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசினேன். கைதட்டல்கூட வாங்கினேன்.

மூன்று மாதம் முன்பு ஒரு காலை, மல்லேஸ்வரத்தில் என் அலுவலகத்துக்கு வந்தாய். தோளில் கேமரா இல்லை, கையில் ஒரு துணிப்பை. மெலிந்திருந்தாய். டயட்டா என்று கிண்டல் செய்தேன்.

"என்ன தேவா, இவ்ளோ தூரம்?"

"சும்மனே வந்தேன்க்கா. பாத்து நாளாச்சுல்ல."

"வீட்ல எல்லாரும்?"

"நல்லா இருக்காங்கக்கா."

நான் எழுந்துவிட்டேன். வெளியே கார் நின்றது. உன் தோளைத் தட்டி, உதவியாளரைக் கூப்பிட்டு நம் இருவரையும் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். நீயும் சிரித்துக்கொண்டு நின்றாய். எத்தனை எண்ணினேன் அன்று? ஒன்றுகூட இல்லை.

உன் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனதும், ஆபரேஷனுக்கு அரசு நிதி கேட்க எம்.பி. கடிதம் வேண்டியிருந்ததும் நீ இறந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தத் துணிப்பையில் என்ன இருந்திருக்கும் என்பது அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனால் உன் வீட்டு வாசலில் மைக்குகள் நீண்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன். தேவா யார்கிட்டயும் எதையும் கேக்காதவன்." குரல் சரியான இடத்தில் உடைந்தது. ஒரே டேக். நீ வந்துபோனது அப்போது ஞாபகத்தில் இல்லையா என்று கேட்பாய். இருந்தது, தேவா.

நேற்று சாயங்காலம் கல்பனாவைப் பார்க்கப் போனேன். காபி கொடுத்தாள். உன் பெண்டாட்டி என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"இவரு அண்ணனுங்க என்னைத்தான் கேக்குறாங்கக்கா. சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன்னு அவ்ளோ பெரிய மனுஷி டிவிலயே சொன்னாங்களே, நீ ஏன் புருஷனை அனுப்பலைன்னு. நான் அனுப்பினேன்க்கா. சட்டைய இஸ்திரி போட்டுக் குடுத்து நான்தான் அனுப்பினேன்."

பிறகு, அன்று நீ துணிப்பையில் கொண்டுவந்த விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினாள். என் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க்கா, அவரு எழுத்து இருக்கு அதுல" என்று மடித்து பீரோவில் வைத்துவிட்டாள்.

அந்தக் கடிதம் உன்னைக் காப்பாற்றியிருக்குமா? தெரியாது. டாக்டரைக் கேட்கவும் தைரியமில்லை. நான் சொன்ன பொய் எனக்கு நல்ல பெயராகவும் அவளுக்குப் பழியாகவும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். என் பிழைப்பே பேச்சுதான். அது எங்கே போய் விழுகிறது என்று பார்க்கிற வழக்கம் எப்போது விட்டுப்போனது?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். கட்சியில் ஊடகம் பார்க்கிறவர், "எலெக்‌ஷன் வருது மேடம், இது இப்ப எதுக்கு?" என்கிறார். தப்பான செய்தி எந்த நேரத்தில் போனதோ, அதே நேரத்தில், வாசித்த அதே ஆள்தான் திருத்தத்தையும் வாசிக்க வேண்டும் என்பது நம் நியூஸ் ரூமில் விதி. அவருக்கு அது தெரியாது, பாவம்.

ஞாயிற்றுக்கிழமை உன் முப்பதாம் நாள். உன் அண்ணன்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். நானும் வருவேன். அன்று வந்த டிவிக்காரர்களையும் அழைத்திருக்கிறேன். அதே வாசலில் நின்று, தேவா என்னிடம் வந்தான், கல்பனா அனுப்பித்தான் வந்தான், நான்தான் கேட்கவில்லை என்று சொல்லுவேன். அதற்குப் பிறகும் யாராவது ஏன் அனுப்பலை என்று கேட்டால், என் வீட்டு விலாசத்தைக் கொடுக்கும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று உட்கார்ந்திருக்க வேண்டிய
உன் அக்கா,
சாரதா