தங்கச் சூரியனுக்கு வைத்த பொட்டு

டோர்ட்மண்ட்
05.10.2024

என் அன்பு மருமகள் தேனுஜாவுக்கு,

மாமா எழுதுறன். நான் இங்க குண்டுக்கல்லு மாதிரி சுகம். என்ர போன் வாளித் தண்ணிக்குள்ள விழுந்து மூச்சை விட்டிட்டுது. மாமியும் மகளின்ர பிள்ளைப்பேறுக்குக் கனடா போயிட்டா. அதாலதான் கடிதம். அந்தக் காலத்து ராசாக்கள் கடிதம்தானே எழுதினவை, போனா எடுத்தவை?

விஷயம் பெரிசு. எங்கட மேல்மாடி ஈரான்காரப் பெரியவர் பெஹ்ரூஸ், நெஞ்சு ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக முதல், தன்ர தகப்பன்ர புத்தகம் ஒண்டை என்னட்டைத் தந்தார். முழுக்கக் கையால எழுதின பாரசீகக் கவிதை. நானூறு வருஷம் எண்டார். என்ர கணக்கில ஆயிரம் சொல்லலாம். முதல் பக்கத்தில தங்கத்தால ஒரு சூரியன், சுத்திவர நீலப்பூ, ஓரமெல்லாம் மானும் குருவியும். கண் கூசும் பிள்ளை! "சிங்கம், உன்னை நம்பித் தாறன்" எண்டார். டோர்ட்மண்டில எத்தனை படிச்ச ஆக்கள் இருக்கினம்? அவர் தேடினது என்னைத்தானே.

கோயில் கூட்டத்தில பாலமுருகன், "அண்ணை, உங்களுக்கு இது வாசிக்கத் தெரியுமோ?" எண்டு நக்கலாக் கேட்டான். "வலத்தால தொடங்கியும் வாசிப்பன், இடத்தால தொடங்கியும் வாசிப்பன்" எண்டன். ஆள் கதிரையை மாத்தி இருந்திட்டான்!

வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசையில எல்லாப் புத்தகத்துக்கும் மேல இதுதான் இருக்கும். சந்தனம், குங்குமம், சகல மரியாதையும் நடக்கும். நீ பிராங்பேர்ட்டில பழுதான பழைய புத்தகம், கடுதாசியளைத் திருத்துற வேலை பழகிறவள், உனக்கும் பெருமைதானே.

உன் தாய்மாமன்
பரராசசிங்கம்


பிராங்பேர்ட்
09.10.2024

அன்புள்ள மாமா,

உங்கட கடிதம் இப்பத்தான் கிடைச்சது. வேலை மேசையில இருந்தபடியே எழுதுறன். தயவுசெய்து அந்தப் புத்தகத்துக்குப் பொட்டு வைக்காதேங்கோ. சந்தனத்தின்ர ஈரம் பட்டால் தங்கமும் நீலமும் கழண்டு வந்திடும். குங்குமம் கடுதாசிக்குள்ள இறங்கினால் எடுக்கவே ஏலாது. விளக்கு, பூ, கற்பூரம் ஒண்டும் கிட்ட வேண்டாம். சுத்தமான துணியில சுத்தி அலுமாரிக்குள்ள வையுங்கோ.

லீவு கேட்டனான், தரேல்லை. இல்லாட்டி நானே ரயில் எடுத்து வந்திருப்பன். உங்களுக்கு அது ஆக்களுக்குக் காட்டிற ஒரு சாமான். அவருக்கு அது தகப்பன், மாமா.

அன்புடன்
தேனுஜா


டோர்ட்மண்ட்
14.10.2024

செல்ல மருமகளுக்கு,

உன்ர கடிதம் சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. பூசை வெள்ளிக்கிழமையே முடிஞ்சுது. பூசை எண்டால் பூசை! வந்த சனத்துக்கு இருக்க இடமில்லை; படிக்கட்டு வரைக்கும் நிண்டவை.

ஒரு சின்ன விஷயம். சூரியனுக்கு நடுவில என்ர பெருவிரலால ஒரு பொட்டு வைச்சு, புத்தகத்தை மூடினன். காலமை திறக்கேக்க ரெண்டு பக்கமும் ஒட்டிப்போச்சு. பூ ஆயிற மாதிரி மெதுவாத்தான் பிரிச்சன். கொஞ்சத் தங்கம் உரிஞ்சு வந்திட்டுது. கொஞ்சம்தான். இப்ப நடுவில ஒரு ஓட்டை, சுத்திவர சிவப்பு. சூரிய கிரகணம் மாதிரி, ஒரு விதத்தில முந்தியை விட வடிவு.

நீ பயப்படாதை. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனன். பெரியவர் தன்ர சுகத்தைச் சொல்ல முதல், "புத்தகம் சுகமோ?" எண்டு கேட்டார். நான் ஒரு போடு போட்டன்: "என்ர மருமகள் பிராங்பேர்ட்டில பெரிய நிபுணர். அவள் வந்து, பூச்சி அரிக்காமல் இருக்க சிவப்பு மருந்து பூசிவிட்டவள்." மனுசன் என்ர கையைப் பிடிச்சு, உன்ர பெயரையும் வேலைத்தலத்தையும் கேட்டுக் குறிச்சுக்கொண்டார். கேட்டால் "ஓம்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, காணும்.

எண்டும் உன் மாமா
பரராசசிங்கம்


பிராங்பேர்ட்
22.10.2024

மாமா,

பெரியவர் ஆஸ்பத்திரியால வீட்டுக்கு வந்து, உங்களிட்டைப் புத்தகத்தை வாங்கித் திறந்த கையோட எங்கட வேலைத்தலத்துக்குப் போன் அடிச்சவர். எனக்கு வேலை பழக்கிற அம்மா, எங்கட மைஸ்டரின், எனக்குப் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தவ. "என்ர சூரியனுக்கு ஏன் இப்பிடிச் செய்தனீர்?" எண்டு அவர் அழுதார். நான் ஓம் சொல்லேல்லை. அந்தப் புத்தகத்தைக் கண்ணாலயும் காணேல்லை எண்டன். மைஸ்டரின் என்னை நம்பிறாவோ தெரியாது. களவா ஒரு புத்தகத்தில கை வைச்சவள் எண்டு முடிவெடுத்தால் என்ர படிப்பு அதோட சரி.

சனிக்கிழமை மைஸ்டரினும் நானும் பெரியவர் வீட்டுக்கு வாறம். நீங்களும் மேல வாங்கோ. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ. ஒரு சொல்லுக் கூட்டினாலும் இனி உங்கட கடிதத்தை நான் உடைக்க மாட்டன்.

தேனுஜா


டோர்ட்மண்ட்
28.10.2024

தேனுஜாப் பிள்ளைக்கு,

"நான்தான் பூசினன், மருமகள் இதைக் கண்டதே இல்லை" எண்டு சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால சொன்னன். மைஸ்டரின் உன்ர தோளில கையை வைச்சா. அந்த இடத்தில நான் வாயை மூடியிருக்க வேணும்.

பெரியவர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உரிஞ்ச தங்கம் இருந்தால் திருப்பி ஒட்டிப் பார்க்கலாம்" எண்டு மைஸ்டரின் சொன்னா. மனுசன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். என்ர வாய் தன்பாட்டில திறந்திட்டுது: "இருக்கு ஐயா! வெள்ளிச் சிமிழில, சாமிக்குப் பக்கத்தில பத்திரமா இருக்கு. திங்கக்கிழமை தபாலில போடுறன்." அவர் சிரிச்சார். புத்தகத்தைத் திருத்த உங்களிட்டைத் தந்துவிட்டார். நீ வாசல்ல என்னைக் கட்டிப்பிடிச்சு, "நன்றி மாமா" எண்டாய்.

சிமிழ் இல்லை பிள்ளை. பக்கத்தைப் பிரிக்கேக்க உரிஞ்ச தங்கம் என்ர பெருவிரலில ஒட்டியிருந்தது. பயத்தில குசினியில சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டன். தண்ணியோட போயிட்டுது.

இண்டைக்குக் காலமை மேல போய்ப் பெரியவருக்குச் சொன்னன். "உன்ர மருமகளுக்குத் தெரியுமோ?" எண்டு மட்டும் கேட்டார். இல்லை எண்டன். கதவைச் சாத்தினார்.

நீ சொன்னால் செய்யிறவள். இனி நான் எழுதினாலும் உடைக்க மாட்டாய். உன்ர மைஸ்டரின் தபாலைப் பார்த்துக்கொண்டிருப்பா. ஒண்டும் வராது எண்டு அவவிட்டைச் சொல்லு.

பரராசசிங்கம்