ஜவ்வரிசி மாவில் ஒரு பள்ளம்

உங்கள் பனிக்கண்ணாடியின் பட்டையில் இன்னும் டீசலும் தேங்காயெண்ணெயும் மணக்கின்றன. போன வாரம் மகள் பீரோவைக் குடைந்து அதை வெளியே எடுத்தாள். ஆபீஸ் தோழிகளோடு மணாலிக்குப் பனிச்சறுக்குப் பழகப் போகிறாளாம். "அப்பாவோடதே இருக்குதுல்லம்மா, புதுசு எதுக்கு?" என்று மாட்டிக்கொண்டு நின்றாள். உங்களுடைய அதே அகல நெற்றி.

அதை வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? லடாக்கில் போர்வெல் போட உங்கள் ரிக் வண்டிக்கு வேலை வந்திருந்தது. பனியில் வெயில் பட்டால் கண் வெந்துவிடும் என்று யாரோ சொல்ல, சூரமங்கலத்தில் ஒரு ஹெல்மெட் கடைக்குப் போனோம். உங்கள் பவர் கண்ணாடிக்கு மேலே மாட்டுகிற அளவில் இரண்டுதான் இருந்தன. ஒன்று கன்னங்கறுப்பு, ஒன்று மஞ்சள்.

"வெயிலுக்குக் கறுப்புங்க, வெயிலில்லாம மோடம் போட்டா மஞ்சதானுங்க. ரெண்டையும் எடுத்துக்கிட்டா நல்லதுங்க" என்றார் கடைக்காரர். நானும் அதையேதான் சொன்னேன். நீங்கள் கேட்டால்தானே! "காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு வண்டிப் பசங்க ஓட்டித் தள்ளிருவானுங்க அம்மிணி" என்று சிரித்தீர்கள். கறுப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி, உச்சி வெயிலை அண்ணாந்து பார்த்தீர்கள். "சூரியன் அப்பளமாட்டந் தெரியுது. இதாஞ் செரி." நம் பக்கத்தில் கண்ணாடி வாங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். நம் கண்ணுக்குத் தெரிந்த பகை வெயில் ஒன்றுதான்.

முதலில் கறுப்பு உங்களைக் காப்பாற்றத்தான் செய்தது. போனில் பீற்றிக்கொண்டீர்கள்: "பசங்களுக்கெல்லாங் கண்ணுல மொளகாப்பொடி உழுந்தாப்புல செவந்து கெடக்குது. எனக்கு ஒண்ணுமில்ல பாரு." பிறகு ஒருநாள் அங்கே வெயிலே வரவில்லை.

உங்களைப் பெட்டியில் கொண்டுவந்து சேர்த்த டிரைவர் தம்பி வாசலில் நின்றுகொண்டு சொன்னான்: "வானமுந் தரையும் ஒரே வெள்ளைங்க்கா. வண்டியத் திருப்போணும்னு அண்ணன் கண்ணாடிய மாட்டிட்டு எறங்கி முன்னால நடந்தாருங்க. சமதரைல நடக்கறாப்புலயே போனாரு, அப்படியே பள்ளத்துக்குள்ள போயிட்டாருங்க." அவன் கொடுத்த பையில் இந்தக் கண்ணாடி இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? குடித்திருப்பான் என்றது. நீங்கள் அதைத் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெளிந்த புத்தியுள்ள மனுஷன் பட்டப்பகலில் பள்ளத்தில் கால் வைப்பானா? எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம், "பாத்து நடக்கத் தெரியாதுங்களா?" என்று திட்டிக்கொண்டே இருந்தேன்.

கடைக்காரர் அன்று சொன்னது மனசில் கிடந்ததால், மகளை அதே கடைக்குக் கூட்டிப்போய் மஞ்சளை வாங்கினேன். அவள் உங்களுக்குப் பிறந்தவளாயிற்றே, "இது பாக்கவே நல்லால்ல, எனக்கு அப்பாவோடதுதான் வேணும்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். சொன்னால் கேட்கிற வம்சமா அது?

நேற்று மத்தியானம், மோடம் போட்டாற்போல வெளிச்சம் மங்கட்டும் என்று ஜன்னல்களைச் சாத்தினேன். உங்கள் வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து, மில்லில் வாங்கி வந்த ஜவ்வரிசி மாவை அதன்மேல் கொட்டிப் பரப்பினேன். ஓரமாக ஒரு பள்ளம் பறித்தேன். "உங்கப்பன் கண்ணாடியப் போட்டுட்டு வா சாமி. பள்ளம் எங்கிருக்குதுன்னு தொட்டுக் காட்டு" என்றேன்.

அவள் விரல் மாவின் மேலே அலைந்தது. தொட முடியவில்லை. மஞ்சளைப் போட்டதும் பள்ளத்தின் விளிம்பு மங்கலாக நிழல் கட்டித் தெரிகிறது என்றாள்; நேராக அதில் விரலை வைத்தாள். மஞ்சளை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் உங்கள் கண்ணாடியை நான் மாட்டிக்கொண்டேன். பள்ளம் எங்கே என்று எனக்குத் தெரியும், பறித்தவளே நான்தான். அப்படியும் தெரியவில்லை. சமதரையாகத்தான் கிடந்தது. வேட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பார்த்துத்தான் நடந்திருக்கிறீர்கள்.

இன்று விளக்கேற்றியபோது உங்களைத் திட்டவில்லை. கோபம் இருந்தவரை உங்களோடு பேச எனக்கு ஏதோ ஒன்று இருந்தது. வத்திப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன், மாமா.