எஞ்சின் நிற்கும் இடம்

என் மகள் லூஷாவுக்கு,

அம்மா மார்ஃபா எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை. முட்டிவலி மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். இந்த ஊரில் வெயில் எங்கே, அதனால் ஏறியேதான் இருக்கிறது. நீ ஸ்போக்கேனில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பேக்கரியில் வேலை பார்க்கிறவள் பட்டினி கிடக்கிறாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் வற்றிப்போய்க் கேட்டது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தப்பு இருந்தால் தாண்டிப் படி.

நீ கேட்டதற்குத்தான் பதில் எழுதுகிறேன். டெல் மாமா உன்னைக் கூப்பிட்டு, உன் அண்ணன் யாஷா என் டூரிஸ்ட் படகில் பார்த்த வேலையை உனக்கே தருகிறேன், கோடைக்கு வந்துவிடு என்று சொன்னாராம். வரட்டுமா அம்மா என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு ஆசை இல்லாமலா? வீட்டில் நான் இருமினால் நானே கேட்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் உடனே வா என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

யாஷா கடலோடு போனதிலிருந்து டெல் இந்த வீட்டுக்குச் செய்கிறதைப் பார்த்தாயானால் பயந்துபோவாய். கூரைத் தகரம் மாற்றினார். விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போனார். சீசனில் பிடித்த முதல் சால்மனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இங்கே கொண்டுவந்தார். இருபது வருஷமாகத் தெரிந்த மனுஷன்தான், நல்லவர்தான். ஆனால் இருபது வருஷத்தில் ஒரு விறகுக் குச்சிகூடக் கொண்டுவந்ததில்லையே. இன்னொன்றும் கவனித்தேன். எங்கே உட்காரச் சொன்னாலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். சாமிப்படத்துக்குக் கீழே யாஷாவின் போட்டோ இருக்கிறதல்லவா, அதற்கு முதுகைக் காட்டித்தான் காபி குடிப்பார்.

பெர்னீஸிடம் இதைச் சொன்னேன். இன்னும் டெல்லின் படகில்தான் சூப்பும் சூடான சாக்லேட்டும் விற்கிறாள். அவள், "உனக்கு எதை எடுத்தாலும் சந்தேகம், மார்ஃபா. ஏசுவே வந்து கதவைத் தட்டினாலும் யாரு அனுப்பினாங்கன்னு கேப்பே" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பார்க்கிறேன், அவள் சிரிக்கவில்லை. கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

பிறகு டெல் ஒரு டிக்கெட் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒருநாள் வந்து யாஷா போன அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போ, மனசு ஆறும் என்றார். நம் ஆட்கள் யாராவது டிக்கெட் வாங்கிக்கொண்டு பனியாறு பார்க்கப் போயிருக்கிறார்களா? உன் தாத்தா கடல்நாய் வேட்டைக்குப் போன இடம் அது. யாஷா எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான்! "டெல் மாமா அங்க போய் எஞ்சினை நிறுத்துவாரும்மா. உடனே ஜனங்க எல்லாம் வாயை மூடிடுவாங்க. அப்புறம் தண்ணியில மிதக்கிற ஐஸ் எல்லாம் எண்ணெய்ல மீன் போட்ட மாதிரி பொரியும். பழங்காலத்துக் காத்தும்மா, உள்ள மாட்டிக்கிட்டது, இப்பத்தான் வெளிய வருது" என்பான். ஐஸ் சத்தம் கேட்க நான் எதுக்குடா கடலுக்குப் போகணும், நம்ம பழைய ஃப்ரிட்ஜ் போடுற சத்தம் போதாதா என்பேன். அவன் என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவான்.

அவன் சொன்ன சத்தத்தைக் கேட்கத்தான் போனேன். வேறு எதற்கும் இல்லை. அவன் அப்பா பக்கத்தில் அவனுக்கும் வெள்ளைச் சிலுவை நட்டோம், ஆனால் அதற்கு அடியில் யாரும் இல்லை. அங்கே போய் நின்றால் மண்ணோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. அவன் இருக்கிற இடம் அந்தப் பனியாற்றுக் கடல்தானே என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை போனேன். மீன் கம்பெனியில் லீவு கேட்டால் எதற்கு என்பார்கள், அதனால் பல்வலி என்றேன். படகு முழுக்க வெளியூர்க்காரர்கள். எல்லாருக்கும் புதுச் சட்டை, கழுத்தில் தூரக்கண்ணாடி. என் பக்கத்தில் டெக்சாஸிலிருந்து ஒரு அம்மாள். நீங்க எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க என்று கேட்டாள். இதே ஊர்தான் என்றேன். அட, அதிர்ஷ்டக்காரி என்றாள். அவள்மேல் என்ன தப்பு, அவளுக்கு என்ன தெரியும்.

கடல்நாய்கள் ஐஸ் மேல் குட்டிகளோடு படுத்திருந்தன. அந்த அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு அழகு இல்லையா என்று என் கையைப் பிடித்தாள். ஆமாம், உருக்கினா எண்ணெயும் நல்லா இறங்கும் என்றேன். கையை எடுத்துக்கொண்டாள். கறுப்பு வெள்ளைத் திமிங்கலங்கள் ஒரு குடும்பமாக வந்தன. தாய் ஒன்று, அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு ஒன்று. எல்லாரும் அந்தப் பக்க ஓரத்துக்கு ஓடினார்கள். நான் இருந்த இடத்தில் இருந்துகொண்டேன். நான் கொண்டுபோன உப்பு மீனை மென்றுகொண்டு டெல்லின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் பறவையின் பேர், மலையின் பேர் சொல்லிக்கொண்டே வருவார், நடுவில் ஒரு ஜோக். அன்றைக்கு ஜோக்கே இல்லை. நான் வந்திருப்பதால் மரியாதைக்கு அப்படியோ என்றும் நினைத்தேன். வேறு காரணமோ என்றும் நினைத்தேன்.

யாஷா பார்த்த வேலை, கீழ்த்தட்டில் வலை போட்டு ஜனங்களுக்குக் காட்ட ஐஸ் அள்ளுகிறது, நீ வருகிற வரைக்கும் என்று இப்போது ஒரு காலேஜ் பெண்ணுக்கு. மிதவைச் சட்டை போட்டிருந்தாள். இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றைச் சுவரில் ஒரு கொக்கியில் மாட்டியிருந்தாள். கொக்கியைச் சுற்றிப் பெயிண்ட் புதிது. தொட்டுப் பார்த்தேன். யாஷா மிதவைச் சட்டை போடவில்லை, அது உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் இந்தக் கொக்கி அப்போது இருந்ததா?

பனியாற்றுக்கு முன்னால் போய் நின்றோம். மலை உயரத்துக்கு நீலச் சுவர், அதற்குக் கீழே கடல். யாஷா வர்ணித்தது எல்லாம் குறைவு. நான் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இப்போது எஞ்சின் நிற்கும், இப்போது நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. காலுக்கு அடியில் கடகட என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஐஸ் பொரிகிற சத்தம் எனக்குக் கொஞ்சமும் கேட்கவில்லை.

வருஷா வருஷம் ஒஹாயோவிலிருந்து வருகிற ஒரு கிழவர் அங்கே இருந்தார். அவர் சத்தமாகவே கேட்டுவிட்டார்: "ஏன் பெர்னீஸ், இங்க வந்தா கேப்டன் எஞ்சினை நிறுத்துவாரே, அதுக்குத்தானே நான் இவ்வளவு தூரம் வர்றேன், இந்த வருஷம் என்னாச்சு?" பெர்னீஸ் என்னைப் பார்த்தாள். உடனே அவர் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அவருக்கு சாக்லேட் காசில்லாமல் கிடைத்தது. பெர்னீஸ் தன் அம்மாவுக்கே சும்மா கொடுக்க மாட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, லூஷா. போன ஆகஸ்டில் விசாரணைக்காரர்களிடம் டெல் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். சுவர் இடிந்து விழுந்து அலை வந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பிவிட்டேன், யாஷாதான் கவனம் இல்லாமல் வலையோடு வெளியே சாய்ந்திருந்தான் என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஓடியது என்றால் அதில் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. நல்ல பையன்தான், கொஞ்சம் அஜாக்கிரதை என்று என் காதுபடவே சொன்னார்கள். எப்போதும் போல அன்றைக்கும் எஞ்சினை நிறுத்தியிருந்தால் மூக்கை எப்படித் திருப்புவது? அலை விலாவில்தானே அடிக்கும்? அடித்தால் கீழ்த்தட்டில் நிற்கிறவன் எவ்வளவு கவனமாக இருந்து என்ன?

படி ஏறிச் சுக்கான் அறைக்குப் போனேன். முட்டி வலிக்கவில்லை, அது ஞாபகம் இருக்கிறது. டெல், யாஷா சொன்ன சத்தத்தைக் கேட்கத்தான் வந்தேன், எஞ்சினை நிறுத்து என்றேன். அவர் திரும்பவில்லை. "இப்ப ரூல் மாறிடுச்சு மார்ஃபா, இன்ஷூரன்ஸ்காரங்க விட மாட்டேங்கறாங்க" என்றார். எப்ப மாறிச்சு என்று கேட்டேன். ஒலிபெருக்கி மைக்கை எடுத்தார், திரும்ப மாட்டினார். நான் வாசலை விட்டு நகரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் படகைப் பின்னுக்கு எடுத்தார். வெகுதூரம் எடுத்தார். கீழே ஜனங்கள் ஏன் போகிறோம், ஏன் போகிறோம் என்று கத்தினார்கள். சுவர் ஒரு வேலி உயரத்துக்குச் சிறுத்த பிறகு, மூக்கைச் சுவருக்கு நேராக வைத்து, சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

லூஷா, அவன் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. முதலில் ஜனங்கள் வாயை மூடினார்கள். அப்புறம் கடல் முழுக்கப் பொரிந்தது. நான் வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கும்போது அவன் பின்னால் வந்து நிற்பானே, அந்தச் சத்தம்தான். பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

டெல் நின்றுகொண்டிருந்தார். கை சாவியிலேயே இருந்தது. "முதல் தடவை பிடிக்கலை, மார்ஃபா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முதல் தடவை பிடிக்கலை. அன்றைக்கு இரண்டாவது தடவை சாவியைத் திருப்பியபோது எஞ்சின் பிடித்திருக்கும், அதற்குள் என் பையன் தண்ணீரில்.

அவர் முகம் நனைந்திருந்தது. அழுதாரா, திறந்த ஜன்னல் காற்றில் கண் கலங்கியதா, எனக்குத் தெரியாது. பாவமாக இருந்தது. பாவப்பட வைக்கத்தான் இதெல்லாமோ என்றும் இருந்தது. என் புத்தி அப்படி ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். அவரே கீழே இறங்கிப் போய் வலை போட்டு ஒரு ஐஸ் கட்டி எடுத்து, துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அவருக்காக வாங்கவில்லை.

கரைக்கு வந்ததும் கயிற்றைக் கட்டிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி, "லூஷா எப்ப வர்றா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. சுக்கான் அறையில் என்னிடம் சொன்ன வார்த்தையை விசாரணைக்காரர்களிடம் ஏன் சொல்லவில்லை? என் பையனுக்குக் கவனம் இல்லை என்று ஊரே சொன்னபோது ஏன் காபி குடித்துக்கொண்டிருந்தார்? அந்த விறகு, அந்தத் தகரம், உனக்கு வேலை, எல்லாம் எதற்கு? உன்னைப் படகில் ஏற்றிவிட்டால் சோறு போடுகிறவரைப் பற்றி நாம் வாய் திறக்க மாட்டோம் என்று நினைக்கிறாரா? இல்லை, ஒரு பிள்ளையை வாங்கிக்கொண்டவர் இன்னொன்றையாவது நன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று நிஜமாகவே நினைக்கிறாரா? இரண்டும் ஒரே மனுஷனுக்குள் இருக்குமோ என்னவோ. இனி மாமா என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மேலே எழுதியதை அடிக்கவும் மனசு வரவில்லை.

இதுதான் என் பதில். டெல் உன்னை மறுபடி கூப்பிடுவார். நான் எழுதியது எதையும் காட்டிக்கொள்ளாதே. ஒரே ஒரு கேள்வி கேள். அன்றைக்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று மட்டும் கேள். இல்லை, நான்தான் நிறுத்தினேன் என்று உன்னிடம் சொன்னால், அதையே விசாரணைக்காரர்களிடமும் ஊர்க்காரர்கள் முன்னாலும் சொல்லச் சொல். சொன்னால் நான் அவருக்கு மறுபடி காபி போடுவேன், அவர் யாஷாவைப் பார்த்து உட்கார வேண்டும். அப்போதும் அந்தப் படகு வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆனால் முடிவு உன்னுடையது. ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் போனை வைத்துவிடு. மாத முடிவில் விசாரணைக்காரர்கள் மறுபடி வருகிறார்களாம். நான் போய்ச் சொல்வேன். எனக்குப் படிப்பு இல்லை, அவருக்கு இந்த ஊரே இருக்கிறது, என்னை நம்புவார்களோ மாட்டார்களோ. பெர்னீஸ் வாய் திறந்தால் நல்லது. அவளிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று பயம்.

வேலைக்கு என்று வராதே. அம்மாவைப் பார்க்க வா. அரிசியும் மீனும் வைத்து பிரோக் சுட்டுத் தருகிறேன், ஓரம் கருகினதை யாஷா பிடுங்கிக்கொள்வான், இந்தத் தடவை உனக்கே.

அந்த ஐஸ் கட்டி ஃப்ரீசரில் மீனுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு துண்டு உடைத்து டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். காதை வைத்தால் கேட்கிறது, கரைகிற வரைக்கும் கேட்கிறது. அதற்குமேல் உடைக்கவில்லை. மீதி உன் பங்கு. கரன்ட் போகிற ஊர் இது, சீக்கிரம் வா.

மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும்.

உன் அம்மா,
மார்ஃபா