கரண்ட் போகவில்லை என்று ஒரு புகார்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். எங்கள் கம்பெனி தெருவுக்குத் தெரு சோலாரும் பேட்டரியும் வைத்து, மாதச் சந்தாவுக்குக் கரண்ட் தருகிறது. இந்த மாதம் இன்னும் மூன்று தெருக்கள் சேர்ந்துவிட்டன. ஒரு நிமிடம் கரண்ட் போனாலும் என் தலைதான் உருளும்.

நேற்று எங்களிடம் கரண்ட் வாங்கும் தையற்கடை அக்கா ஒருவர் புகார் செய்தார்.

"கரண்ட் போகவே மாட்டேங்குதும்மா! போனாத்தான் எம்பொண்ணு ரூமை விட்டு வந்து எங்கிட்ட பேசுவா. வாரத்துல ஒரு நாளாவது நிறுத்தேன்."

"வேலை போயிடும்க்கா" என்று சிரித்துச் சமாளித்தேன்.

நம் வீட்டில் இன்னும் சாயங்காலம் கரண்ட் போகிறதா? போனை முன்கூட்டியே சார்ஜ் போட்டு வையுங்கள். டிவி அணைந்ததும் என்னைக் கூப்பிடுங்கள்.

கம்பெனி வேன் வந்துவிட்டது. இங்கே கரண்ட் போவதே இல்லை, அம்மா.

உங்கள் மகள்