ஏரிச் சேற்று வைத்தியம்

3-7-1938, அம்பத்தூர்
மண்ணடியிலிருந்து வந்து இன்றோடு ஒன்பது நாள். அடுப்பு மூட்டியும் ஒன்பது நாள். என் வீட்டுக்காரர் கங்காதரனுக்கு (என் நோட்டில்தானே, பெயர் எழுதினால் என்ன) தீராத வயிற்றுவலி. டாக்டர் ஆபரேஷன் என்றார். இவர் மூன்று மாத லீவு போட்டு, இயற்கையோடு வாழ்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு புத்தகத்தையும் என்னையும் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்துவிட்டார். பச்சைக் காய், ஊறவைத்த வேர்க்கடலை. செருப்புக்கும் தடை. எனக்கு ஒரு நோயும் இல்லையே, நான் ஏன் பச்சைப் புடலங்காய் தின்ன வேண்டும்? வராமல் தடுக்கத்தானாம்.

5-7
காலில் கருவேல முள். எனக்கு இரண்டு, அவருக்கு ஏழு. முள்ளும் இயற்கைதானே என்று கேட்டேன். இன்னொரு காலை நீட்டினார்.

9-7
ஏரி வற்றி நடுவில் மட்டும் தண்ணீர். ஓரத்தில் குழி வெட்டி, கழுத்துவரை சேற்றில் படுத்தார். நான் பூவரச நிழலில் காவல். ஒரு கொக்கு வந்து அவர் தலைக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் யோசித்தது. பிறகு ஓர் எருமை வந்தது. குழியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, இறங்கிப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அவருடைய வலது கை அதன் வயிற்றுக்கடியில் மாட்டிக்கொண்டது.

எருமைக்காரி அங்கம்மா கரைமேட்டுக் குடிசையிலிருந்து நிதானமாக வந்தாள். சினை எருமையாம், அதட்டக் கூடாதாம்.

"அதுவா ஏந்திருக்கும் நைனா. நீ இன்னா, சும்மாத்தானே படுத்துகினு கீற?"

ஒன்றரை மணி நேரம். நான் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்திருந்தேன்.

14-7
முடியவில்லை. அவர் பன்னிரண்டு மணி வெயில் குளியலுக்குப் போனதும் அங்கம்மா குடிசைக்குப் போனேன். சுடுசோறு, கருவாட்டுக் குழம்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தால் மட்டுமா? அவரிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன்.

15-7
அங்கம்மா குடிசை.

16-7
மேற்படி.

2-8
வலி பாதி குறைந்துவிட்டதாம். கன்னம்கூடப் பளபளக்கிறது. எல்லாம் சேறும் பச்சைக் காயும் என்கிறார். அப்படியானால் நான்தான் பாவியா? நாளையிலிருந்து ஒழுங்காகப் புடலங்காய் தின்ன வேண்டும்.

3-8
தின்னவில்லை.

11-8
எருமை ஈனப்போகிறது என்று கேள்விப்பட்டு, இன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தவர் — இவர்! மடியில் தட்டு. கையில் குழம்புச் சோறு. வாய்க்குப் போன கை அப்படியே நின்றது.

சேற்றுக்குப் போவதாகச் சொல்லிப் பதினோரு மணிக்கு இவர், பன்னிரண்டுக்கு நான். ஒரு மாதமாக!

"அவரும் சொல்லாதேன்னாரு, நீயும் சொல்லாதேன்ன. நான் இன்னாம்மா பண்றது?" என்றாள் அங்கம்மா.

நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். அதற்குள் கொட்டகையில் எருமை அலறியது. கன்றின் பின்னங்கால்கள்தான் முதலில் வந்தன. அங்கம்மா தனியாக இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. அவளுக்கு இருப்பது அந்த ஒரு எருமை.

"நைனா, வந்து புட்ச்சி இஸு."

தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். காலை மண்ணில் ஊன்றி இழுத்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன், அங்கம்மா என்னைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் மல்லாந்து விழுந்தபோது கன்று இவர் மேல் கிடந்தது. மூச்சு இல்லை. மூக்கைத் துடைத்து ஊதினார், மறுபடி ஊதினார். அது அவர் முகத்திலேயே தும்மியது.

உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. சண்டை எங்கேயோ போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். இவர் விறகு எடுத்துக் கொடுத்தார்.

21-9
பட்டணத்தில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஆபரேஷன் வேண்டாம் என்றார். என்ன மருந்து என்று கேட்டார். இவர் கூசாமல் "சேறு" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சேறோ, கருவாடோ, ஆபீஸ் இல்லாததோ, யார் கண்டது?

லீவு முடிகிறது. இங்கேயே இருந்து ரயிலில் போய்வருகிறாராம். சரி என்றேன்.

31-10
மூன்று நாள் தங்குவதாக நேற்று மண்ணடிக்கு, அக்கா பூங்காவனம் வீட்டுக்குப் போனேன். காலையில் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னடி அப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாய் என்றாள் அக்கா. தெரு முழுக்கச் சத்தம்; எருமையோ கொக்கோ கேட்க ஒன்றுமில்லை, அதுதான்.

நாலு மணி வண்டிக்குத் திரும்பிவிட்டேன். வீட்டுக்குப் போகாமல் நேரே கரைக்கு. மழையில் ஏரி நிறைந்து மதகை முட்டிக்கொண்டு நின்றது. பெயர் தெரியாத வாத்துகள் நூறுக்கு மேல் இருக்கும். எண்ணிக்கொண்டே இருந்ததில் இவர் ஆபீஸிலிருந்து வரும் ரயில் வந்துபோன சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஏன் இன்றைக்கே வந்துவிட்டாய் என்று கேட்டார். சும்மாதான் என்றேன். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். எழுபத்திரண்டு வரை எண்ணியிருக்கிறேன், பேசாமல் இருங்கள் என்றேன்.