வாசிக்காமல் விட்ட பெயர்

ஏப்ரல், ஞாயிறு

காலையிலேயே வெயில். ஜன்னல் கம்பியெல்லாம் துறைமுக லாரிப் புழுதி. தேர்தல் முடியும்வரை நடப்பதை நடந்தபடியே இதில் எழுதப்போகிறேன். என் தப்பாக இருந்தாலும்.

செய்தி: வியாழக்கிழமை ஓட்டுப்பதிவில் அம்மா பூத் ஏஜென்ட். புதுக்கட்சிக்கு. கட்சிக்கு வயது ஒன்று, எங்கள் தெருவில் ஆளே இல்லை. காசிமேட்டில் மீன் எடுத்து வீடுவீடாக விற்பவள், எல்லா முகமும் தெரியும் என்று கேட்டார்களாம்.

பழைய கட்சியின் ஏஜென்ட் குமார் மாமா வாசலில் நின்று சிரித்தார். "இன்னாம்மே செல்வி, படிக்கத் தெரியாம லிஸ்ட்டை வெச்சுகினு இன்னா பண்ணுவே?"

"படிச்சவன் நீ தானே இத்தினி வருசமா குந்தினு கீறே. கொழா தண்ணில எண்ணெ நாத்தம் போச்சா?"

ஏன் அந்தக் கட்சி என்று பிறகு கேட்டேன். "பழசு ரெண்டையும் கேட்டாச்சு. இத்தையும் கேட்டுப் பாப்போம்."

திங்கள்

கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி. வாக்காளர் பட்டியல் வந்தது. நான் வாசிக்க, அம்மா கூடையைக் கழுவியபடியே மனப்பாடம். "அவன் கும்மிடிப்பூண்டி பூட்டான். அந்த ஆயா செத்துட்சு, செவப்புல கோடு போடு."

வரிசை எண் 412. தனசேகர், வயது 46. அப்பா. சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லாரிக்குச் சுமை ஏற்றியவர். காய்ச்சலில் போய் ஐந்து மாதம். பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.

411-க்குப் பிறகு 413 வாசித்தேன். ரொம்ப நாள் கழித்து அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அதனால்தான்.

வியாழன், பிற்பகல்

பள்ளி விடுமுறை. பக்கத்து வீட்டு தேவி அக்கா ஓட்டுப் போட்டுவிட்டு நேராக இங்கே வந்தாள்.

"உங்கப்பா பேர்ல எவனோ ஒருத்தன் சீட்டு எடுத்துகினு வந்துட்டான்டி!"

ஏஜென்டுகள் கேட்கும்படி அதிகாரி பெயரைச் சத்தமாக வாசிப்பாராம். 'தனசேகர்' என்றதும் அம்மா எழுந்து வாசலைப் பார்த்தாளாம். நிஜமாகவே அப்பா வந்ததுபோல. அப்புறம்தான் பேச்சு வந்ததாம். "சார், அது என் வூட்டுக்காரரு. மூலக்கொத்தளம் சுடுகாட்டுல படுத்துகினு கீறாரு."

அந்த ஆள் சீட்டைக் கீழே போட்டுவிட்டு ஓட்டம். குமார் மாமாதான் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குந்து செல்வி" என்றாராம்.

நான் வாசித்திருந்தால் அம்மா தயாராகப் போயிருப்பாள்.

அன்றே, அம்மா வந்த பிறகு

கால் கழுவினாள். திட்டவில்லை.

"லிஸ்ட்டை எடு. வுட்டதைப் படி."

படித்தேன்.

"இன்னொரு தபா."

படித்தேன். கோடு போடச் சிவப்புப் பென்சிலைச் சீவி எடுத்தேன்.

"இர்க்கட்டும். நாளைக்குப் போடலாம்." லைட்டை அணைத்துவிட்டாள்.